விடியா: லேத் பட்டறைல புழங்குற இந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?

லேத் பட்டறைக்குப் புதுசா போற பையன்கிட்ட "டேய் அந்த விடியா டூலை எடுடா"ன்னா ஒரு நிமிஷம் முழிப்பான். நமக்குத் தெரிஞ்ச விடியா எல்லாம் விடியாமூஞ்சி ஒண்ணுதானே. ஆனா இதுக்கும் விடியலுக்கும் சம்பந்தமே இல்ல, இது ஜெர்மன்காரன் வார்த்தை. "வீ டியாமான்ட்", அதாவது "வைரம் மாதிரி"ங்கிறதைச் சுருக்கி வச்ச பிராண்ட் பேரு. போட்டோ காப்பி எல்லாத்தையும் ஜெராக்ஸ்னு சொல்றோம்ல, அதே கதைதான், இரும்பை வெட்டுற டூலோட நுனில இருக்கிற கடினமான கார்பைடு டிப் எந்தக் கம்பெனிதா இருந்தாலும் பட்டறைல அது விடியாதான்.

வைரம்னு பேரு வச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. குண்டு பல்புக்குள்ள இருக்கிற டங்ஸ்டன் இழையை மெல்லிசா இழுக்க வைரத்துல துளை போட்ட அச்சு வேணும், அது ரொம்ப விலை. அதுக்கு மாத்து தேடித்தான் ஜெர்மனில ஓஸ்ராம் பல்பு கம்பெனில கார்ல் ஷ்ரோட்டர் 1923-ல ஒரு வழி கண்டுபிடிச்சு பேட்டன்ட் போட்டாரு. டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடு ஏற்கனவே தெரிஞ்ச பொருள்தான், பயங்கர கடினம், ஆனா தட்டினா கண்ணாடி மாதிரி தெறிச்சிடும். அதைப் பொடியாக்கி, கோபால்ட் பொடியோட கலந்து, அழுத்தி, 1400 டிகிரி பக்கத்துல சூடாக்கினா கோபால்ட் உருகி ஒவ்வொரு கார்பைடு துகளையும் நனைச்சுப் பிடிச்சுக்கும். உரிமத்தை க்ரூப் (Krupp)ங்கிற ஜெர்மன் எஃகுக் கம்பெனி வாங்கி, 1927 லைப்சிக் சந்தைல விடியான்னு காட்டுனாங்க.

இங்க ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும், பல பேரு இதைக் கலப்புலோகம்னு எழுதிடுறாங்க, அது தப்பு. பாயசத்துல சர்க்கரை கரைஞ்சு தனியா தெரியாமப் போகுதே, கலப்புலோகம் அந்த மாதிரி. விடியா கடலை மிட்டாய் மாதிரி, கடலை கடலையாவே இருக்கும், வெல்லப்பாகு பிடிச்சு வச்சிருக்கும். கடலைதான் கார்பைடு, பாகுதான் கோபால்ட். அதனால கூட்டுப்பொருள் (காம்போசிட்)ங்கிற சொல்தான் இதுக்குப் பொருந்தும்.

தேய்மானமும் அந்த மிட்டாயைச் சப்புற மாதிரியேதான் நடக்குது. மணல், கல்லுன்னு உரசும்போது கார்பைடு துகள்ல கீறல் விழுறது கஷ்டம், மணலை விட அது ரொம்ப கடினம். ஆனா நடுவுல இருக்கிற மெத்து கோபால்ட் முதல்ல அரிச்சுப் போகும், பிடிமானம் போன துகள் விரிசல் விட்டு பொலபொலன்னு உதிரும். அப்போ கோபால்டைக் குறைச்சு துகளைப் பொடிசாக்கினா தேய்மானம் தாங்கும்தானே? தாங்கும், ஆனா அடி தாங்காது. அதனாலதான் கம்பி இழுக்கிற அச்சுல கோபால்ட் 6 சதவீதம் பக்கம் இருக்கும், அடி வாங்குற பிரஸ் அச்சுல 20 சதவீதம் வரைக்கும்கூடப் போகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடுறப்போ பாறைய நொறுக்குற பிட்டுல இருக்கிற பட்டனும் இதே சரக்குதான், அங்க தேய்மானமும் அடியும் சேர்ந்து வருது, அதனால நடுவாந்தரமா வைப்பாங்க.

எஃகு கடையும்போது வேற தொல்லை. சூட்டுல கார்பைடே, வெட்டுப்பட்டு வர்ற எஃகுச் சுருள்ல கரைஞ்சு போய் டூல் மேல பள்ளம் விழும், இதுக்கு டைட்டானியம் கார்பைடு கொஞ்சம் சேர்ப்பாங்க.

சரி, இங்கிலீஷ்ல "வியர் ரெசிஸ்டன்ட் கார்பைடு காம்போசிட்"னு சொல்ற இதைத் தமிழ்ல என்ன சொல்றது? கார்பைடை கரிமச் சேர்மம்னு எழுதுறாங்க, அது ஆர்கானிக் சமாச்சாரத்துக்குப் போட்ட பேரு, குழப்பம்தான் வரும், கார்பைடுன்னே விட்டுடலாம். "மெட்டல் மேட்ரிக்ஸ் காம்போசிட்"டுக்கு உலோக அணிக் கூட்டுப்பொருள்னு ஒரு மொழிபெயர்ப்பு, அதுல அணி கணக்குப் பாடத்து மேட்ரிக்ஸ். இங்க மேட்ரிக்ஸ்ங்கிறது துகளைத் தாங்குற பாகு, லத்தீன்ல அந்தச் சொல்லுக்கு கருப்பைன்னே அர்த்தம் உண்டு, அதனால பிணைப்பு உலோகம்னா போதும். தேய்மானம்னா கணக்காளர் எழுதுற தேய்மானமும் (டிப்ரிசியேஷன்) ஞாபகம் வருமேன்னு சிலர் யோசிப்பாங்க, நான் அதையே வச்சுக்குவேன், ஆனா ரெசிஸ்டன்ட்டுக்கு எதிர்ப்புன்னு போட மாட்டேன். தேயாம நின்னு எதிர்க்கிற பொருள் எதுவும் இல்ல, "தேய்மானம் தாங்கும்"னுதான் பட்டறைல சொல்றாங்க. ஆக, தேய்மானம் தாங்கும் கார்பைடு கூட்டு.

இன்னொண்ணு. விடியா டிப் மழுங்கினா சாதாரண சாணைக்கல்லுல பிடிக்க முடியாது, பச்சைக் கல்லு வேணும், அது சிலிக்கான் கார்பைடு. 1891-ல அமெரிக்காவுல அதைச் செஞ்ச அச்சிசன், கார்பனும் கொரண்டம்ங்கிற கடினமான கனிமமும் சேர்ந்த பொருள்னு தப்பா நினைச்சு கார்போரண்டம்னு பேரு வச்சாரு. அந்த கொரண்டம் நம்ம குருந்தம்தான், தமிழ்லேர்ந்து இங்கிலீஷுக்குப் போன சொல்.