தொட்டியில் வளரும் புரதம்: ஐரோப்பாவில் விற்க என்ன விதி?

மாடும் மேய்ச்சல் நிலமும் இல்லாமல், பூஞ்சையையோ பாக்டீரியாவையோ எஃகுத் தொட்டியில் வளர்த்துப் புரதம் எடுக்கிறார்கள். அப்படி எடுத்ததை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க வேண்டுமென்றால் முதல் கேள்வி இதுதான்: 1997 மே 15-க்கு முன்பே அங்குள்ள மக்கள் இதைக் குறிப்பிடத்தக்க அளவில் சாப்பிட்டிருக்கிறார்களா?

இல்லையென்றால் அது ‘புதுவகை உணவு’ ஆகிவிடும். 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2015/2283 எண் ஒழுங்குமுறைப்படி முன் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. குவார்ன் என்ற பெயரில் வரும் பூஞ்சைப் புரதம், அப்போது உறுப்பு நாடாக இருந்த பிரிட்டனில் 1985-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது, அதனால் தப்பித்தது. அதே முறையில் இன்று புதிதாக வேறொரு பூஞ்சையை வளர்ப்பவர் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும். தன் பொருள் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாதவர், முதலில் விற்க நினைக்கும் உறுப்பு நாட்டின் அதிகாரிகளிடம் கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

விண்ணப்பம் ஐரோப்பிய ஆணையத்துக்குப் போகும். பாதுகாப்பை ஆராய்வது இஃப்சா (EFSA) என்ற ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு. எந்த நுண்ணுயிர், எப்படி வளர்த்தது, என்ன சேர்மானம், ஒவ்வாமை வருமா, யார் எவ்வளவு சாப்பிடலாம் என்று எல்லாவற்றுக்கும் தரவு வேண்டும்.

செய்முறையை ஏன் இவ்வளவு துருவிக் கேட்கிறார்கள்? குவார்ன் பூஞ்சைப் புரதத்தையே பாருங்கள். வேகமாக வளரும் செல்களில், புரதம் உருவாக உதவும் ஆர்.என்.ஏ என்ற பொருள் அதிகம். அப்படியே சாப்பிட்டால் உடலில் யூரிக் அமிலம் ஏறும், மூட்டுவலி வரலாம். அதனால் தொட்டியிலிருந்து எடுத்ததும் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, உலர் எடையில் ஆர்.என்.ஏ-வை 2 சதவீதத்துக்கும் கீழே கொண்டு வருகிறார்கள். சாப்பிடுகிறவருக்கு இந்த ஒரு படி எவ்வளவு முக்கியம்! ஆனால் பொட்டலத்தைப் பார்த்து யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. விண்ணப்பக் கோப்பில்தான் தெரியும்.

சரி, எத்தனை நாள் ஆகும்? இஃப்சாவுக்கு 9 மாதம், அப்புறம் ஆணையம் அனுமதி வரைவை முன்வைக்க 7 மாதம். கூடுதல் தரவு கேட்டால் கெடு நீளும். தரவு முழுமையாக இல்லாமல் விண்ணப்பித்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நிலமும் நீரும் மிச்சமாகிறது என்று காட்டினாலும் அனுமதி சீக்கிரம் கிடைக்காது. பாதுகாப்பானதா, வாங்குபவரை ஏமாற்றாததா, இது எந்த உணவுக்கு மாற்றாக வருகிறதோ அதைவிடச் சத்தில் குறைந்து உடலுக்குக் கேடாகாததா என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. சுற்றுச்சூழல் நன்மையைக் காட்டி உடல்நலச் சோதனையைத் தளர்த்தக் கூடாது. மரபணு மாற்றிய நுண்ணுயிர் உணவிலேயே இருந்தால் 1829/2003 என்ற தனிச் சட்டம்.

அனுமதி கிடைத்த பொருள் ஒன்றியப் பட்டியலில் சேரும். பட்டியலில் சொன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு மற்றவர்களும் அதைத் தயாரித்து விற்கலாம். சிறு தயாரிப்பாளர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் முதலில் விண்ணப்பித்தவர் தன் சொந்த ஆய்வுத் தரவுக்குப் பாதுகாப்பு வாங்கியிருந்தால், 5 ஆண்டுகளுக்கு அனுமதி அவருக்கு மட்டும்தான். தொழிலில் இறங்கும் முன் பட்டியலில் அந்தப் பாதுகாப்பு முடியும் தேதியைப் பார்த்துவிடுங்கள்.