பாக்கி வைத்தவருக்குச் சீட்டு இல்லை

பெரம்பூரில் எங்கள் அடுக்ககத்தில் வீடு இருபது, கார் நிறுத்த இடம் எட்டு. வருஷத்துக்கு ஒருமுறை பெயர்களைச் சீட்டில் எழுதி, பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கி, வாட்ச்மேன் மகளை எடுக்கச் சொல்வோம். பராமரிப்புப் பாக்கி வைத்தவர் பெயர் மட்டும் டப்பாவுக்குள் போகாது. இடம் கிடைத்த மூன்றாம் மாடிக்காரர் ஒரு வாரத்துக்குத் தன் சாமர்த்தியத்தைப் பற்றியே பேசுவார். உத்திரமேரூர்க் குடவோலையும் இதே முறைதான்: முதலில் தகுதி பார்ப்பார்கள், பிறகுதான் குடத்தில் ஓலை.

மரபணுக்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்று 1968இல் சொன்னவர் ஜப்பானிய மரபியலாளர் மோட்டோ கிமுரா. பாலூட்டிகளின் புரதங்களை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார். மரபுச் செய்தியை எழுத்து எழுத்தாகச் சுமக்கும் டிஎன்ஏவை ஓர் இனத்தில் முழுவதுமாக எடுத்துக்கொண்டால், சுமார் 2 ஆண்டுக்கு ஓர் எழுத்து நிலையாக மாறிவிடுகிறது என்று விடை வந்தது. அத்தனையையும், பிழைக்க உதவுவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கும் இயற்கைத் தேர்வே பொறுக்கியிருந்தால், தலைமுறைதோறும் தாங்க முடியாத அளவு உயிர்கள் கழிந்திருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலான மாற்றங்களால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்றார் கிமுரா. குலுக்கலில் தலைமுறைக்குத் தலைமுறை பெருகும், தேயும். அநேகமாகக் காணாமல் போகும். எப்போதாவது ஒன்று இனம் முழுக்கப் பரவிவிடும்.

எழுத்து மாறியும் எப்படி ஒன்றும் ஆகாமல் இருக்கும்? பவளம் என்றாலும் பவழம் என்றாலும் அதே மணிதான். 'வலி'யை 'வழி' ஆக்கினால் கதையே வேறு. டிஎன்ஏவை மும்மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கிறது. மொத்தம் 64 சொற்கள். அந்தச் சொற்கள் குறிக்கும் அமினோ அமிலங்களோ, அதாவது புரதத்தைக் கட்டும் கற்களோ, 20தான். அவற்றில் லியூசின் என்ற ஒன்றுக்கே 6 சொற்கள். மூன்றாம் எழுத்து மாறினால் பெரும்பாலும் பவழம்தான்.

அப்படியானால் தேர்வுக்கு என்ன வேலை? பாக்கிக்காரரை நிறுத்துவது. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் கண்டுகளில் ஹெச்4 ஹிஸ்டோன் என்றொரு புரதம் இருக்கிறது. பட்டாணிச் செடியும் பசுவும் பிரிந்து 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அதன் 102 அமினோ அமிலங்களில் வேறுபடுவது 2தான். அங்கே எதைத் தொட்டாலும் வினை. இரத்தம் உறையும்போது வெட்டி எறியப்படும் ஃபைப்ரினோபெப்டைடு துண்டுகளோ விறுவிறுவென்று மாறியிருக்கின்றன. வேகமாக மாறுவதை முன்னேற்றம் என்றே பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

சீட்டைக் கையால் பொறுக்கி எடுப்பதும் உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடம். ஒரே ஓர் எழுத்து பிசகி, குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அது தற்செயல். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதை வாங்கியவரைக் கடும் மலேரியா எளிதில் சாய்ப்பதில்லை. இருவரிடமிருந்தும் வாங்கியவருக்கு, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் அரிவாள் அணு நோய். மலேரியா உள்ள மண்ணில்தான் இந்தப் பிசகு தங்கியது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இது இருப்பது 1952இல் தெரியவந்தது. அந்த மலையடிவாரங்களை நெடுங்காலம் ஆட்டிவைத்த காய்ச்சல் மலேரியா.