ஓசை அடங்கும் அந்த இரண்டு நொடி

ஒரு பேய்ப்பட டிரெய்லரை முதலில் ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். இருட்டு வீடு, பாதி திறந்த கதவு, கையில் விளக்கோடு படியேறும் ஒரு பெண். பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் பயம் வராது. பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு அதே டிரெய்லரைக் காதால் மட்டும் கேளுங்கள். முதுகு சில்லிட்டுப்போகும். இந்தச் சோதனையை நான் பல டிரெய்லர்களில் செய்து பார்த்திருக்கிறேன். மிகுந்த செலவில் எடுக்கப்பட்ட காட்சிகள்கூட ஊமையானதும் பல் பிடுங்கிய பாம்பாகிவிடுகின்றன. பயம் எங்கே தயாராகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடுகிறது.

படத்துக்கு இருக்கும் வசதி டிரெய்லருக்குக் கிடையாது. படம் முதல் அரைமணி நேரத்தில் ஒரு குடும்பத்தை நமக்குப் பழக்கப்படுத்தும். அந்தச் சிறுமி எந்தப் பொம்மையை அணைத்துக்கொண்டு தூங்குவாள், அவளுடைய அப்பா ஏன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றெல்லாம் தெரிந்த பிறகு, அவர்களுக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று மனம் பதறும். டிரெய்லருக்குக் கிடைப்பதோ இரண்டு, இரண்டரை நிமிடம். அதற்குள் யார்மீதும் பாசம் வளராது. பாசம் இல்லாதவருக்காகப் பதறவும் முடியாது. ஆகவே டிரெய்லரை வெட்டும் படத்தொகுப்பாளர் வேறு வழியில் போகிறார். பார்ப்பவரைத் தனக்காகவே பயப்பட வைக்கிறார். அடுத்த அதிர்ச்சி எந்த நொடியில் வந்து விழும் என்ற ஒரே கேள்வியை நமக்குள் நட்டுவிட்டு, அதற்கு மட்டும் தண்ணீர் ஊற்றுகிறார்.

அந்தக் கேள்வி ஏன் இவ்வளவு வலுவாக வேலை செய்கிறது என்பதற்கு உடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். எதிர்பாராத பெரிய சத்தம் கேட்டால் உடல் துள்ளுவது ஓர் அனிச்சைச் செயல். மனித உடலின் மிக வேகமான அனிச்சைச் செயல்களில் அதுவும் ஒன்று. காதில் விழுந்த சத்தம் மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்தே தசைகளுக்கான கட்டளையாக மாறி இறங்கிவிடுகிறது. சிந்திக்கும் மூளைப் புறணியிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. சுமார் 40 மில்லிநொடிக்குள் இமைத் தசை இயங்கத் தொடங்கிவிடும். கழுத்து உள்ளிழுத்துக்கொள்ளும், தோள்கள் உயரும், கைகள் மடங்கும். ‘இது வெறும் படம்தான்’ என்ற எண்ணம் எழுவதற்குள் உடல் துள்ளி முடித்திருக்கும். பேய்ப்படங்களிலேயே ஊறியவர்களும் இருக்கையில் துள்ளுவதற்குக் காரணம் இந்தக் குறுக்குவழிதான்.

சத்தம் மட்டுமே போதுமென்றால் எல்லா டிரெய்லர்களும் ஒரே அளவுக்குப் பயமுறுத்த வேண்டும். அப்படி நடப்பதில்லை. 1951இல் பிரவுன், கேலிஷ், ஃபார்பர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்து நடத்திய சோதனை இதை விளக்குகிறது. ஒரு குறிப்பிட்ட சமிக்ஞை வந்தால் மின்னதிர்ச்சி கிடைக்கும் என்று எலிகளைப் பழக்கினார்கள். பிறகு அந்தச் சமிக்ஞை இருக்கும்போது உரத்த சத்தம் எழுப்பினால், எலிகள் வழக்கத்தைவிட உயரமாகத் துள்ளின. பயந்திருக்கும் உடல் அதே சத்தத்துக்கு அதிகமாக அதிர்கிறது. மூளையில் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி, திடுக்கிடலுக்கான நரம்புச் சுற்றின் திருகை முன்கூட்டியே ஏற்றி வைக்கிறது என்பதை மைக்கேல் டேவிஸ் உள்ளிட்டோரின் பிற்கால ஆய்வுகள் காட்டின. டிரெய்லரின் முதல் ஒரு நிமிடத்தில் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று தோன்றலாம். உண்மையில் அந்த நேரம் முழுவதும் அந்தத் திருகுதான் ஏறிக்கொண்டிருக்கிறது.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது இன்னொரு கண்டுபிடிப்பு. பெரிய சத்தத்துக்குச் சற்று முன்னால், ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில், மெல்லிய சத்தம் ஒன்று கேட்டால் திடுக்கிடல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ‘முன்துடிப்புத் தடை’ என்று இதைச் சொல்லலாம். சின்ன சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் நரம்பு மண்டலம், அடுத்து வருவதற்குக் கதவைச் சற்றுச் சாத்தி வைக்கிறது. அப்படியானால் அதிர்ச்சிக்கு முந்தைய கணம் துடைத்து வைத்தாற்போல் இருக்க வேண்டும். ஒரு சருகின் சரசரப்புகூட அந்த இடத்தில் அடியின் வேகத்தைத் தின்றுவிடும். நல்ல டிரெய்லர்களில் பேரொலிக்கு முன்பு எல்லா ஒலியும் அறுந்து விழுவதை வெறும் அலங்காரம் என்று நான் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் நரம்பியல் நிற்கிறது.

திரைத்துறையினர் ஆய்வகங்களுக்காகக் காத்திருக்கவில்லை. 1942இல் வெளியான ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் பூங்காச் சுவரோரமாகத் தனியே நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்புச் சத்தம் தொடர்ந்து வருகிறது. ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. பதறியபடி வேகமாக நடக்கிறாள். சட்டென்று கொடிய விலங்கு பாய்வதுபோல் ஒரு சீறல். சட்டகத்துக்குள் வந்து நிற்பது ஒரு பஸ். ஜாக் டூர்னர் இயக்க, மார்க் ராப்சன் தொகுத்த காட்சி அது. தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்கிறார்கள். பஸ்ஸால் யாருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. பார்வையாளர்களின் உயிரைக் கையில் பிடிக்க வைத்தது, பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றுபோன அந்தக் கணம்.

இன்றைய டிரெய்லர் இதே உத்தியைப் பல அடுக்குகளாகக் கட்டுகிறது. அடியில் ‘ட்ரோன்’ எனப்படும் தாழ்ந்த ஒலி இடைவிடாமல் ஓடும். அது இருப்பதே தெரியாது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்ற பிறகுதானே அதன் சத்தம் நினைவுக்கு வரும், அதுபோல. அதன்மேல் கடிகார முள், சொட்டும் நீர், மூச்சு என்று சீரான தாளத்தில் சின்னச் சின்ன ஒலிகள். தாளம் ஒன்று பிடிபட்டுவிட்டால் அடுத்த அடி எங்கே விழும் என்று மூளை தானாகவே கணக்குப் போடும். அந்தக் கணக்கைத்தான் படத்தொகுப்பாளர் உடைக்கிறார். கதவு திறக்கிறது, எதிர்பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை. இசை நின்றுவிடுகிறது. அடக்கிய மூச்சை நாம் வெளியே விடுகிறோம். அடி அப்போது விழுகிறது, தாளத்துக்கு அரை மாத்திரை தள்ளி. பத்துச் சட்டகங்கள் (ஃபிரேம்கள்) முன்னே பின்னே நகர்ந்தால் முழுக் காட்சியும் சப்பென்று போய்விடும். இந்தத் துல்லியத்துக்காகவே டிரெய்லர் வெட்டுவதைத் தனிக் கலையாக மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மௌனத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. டிரெய்லர்கள் காதைக் கிழிக்கின்றன என்ற புகார்கள் பெருகியதால், அமெரிக்கத் திரைத்துறை அவற்றின் ஒலிக்கு 85 டெசிபல் என்ற வரம்பை வகுத்துக்கொண்டது. இந்த அளவு டிரெய்லர் முழுவதற்குமான சராசரி. ஒலி தாழ்ந்து ஓடும் ஒவ்வொரு நொடியும் சராசரியைக் கீழே இழுக்கிறது. அப்படி மிச்சமானதை ஓரிரண்டு இடங்களில் மொத்தமாகச் செலவழிக்கலாம். முணுமுணுப்பாகவே நகரும் பேய்ப்பட டிரெய்லருக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கிறது. தொடக்கம் முதல் வெடித்துக்கொண்டே இருக்கும் சண்டைப்பட டிரெய்லருக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

எவ்வளவு சத்தம் என்பதோடு எந்த வகைச் சத்தம் என்பதும் முக்கியம். மனித அலறல் வெறும் உரத்த குரல் அன்று. சாதாரணப் பேச்சில் ஒலியின் வலிமை நொடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்கும். அலறலில் அது நொடிக்கு 30 முதல் 150 முறை வரை துடிக்கிறது. காதுக்கு அது சொரசொரப்பாக, அறுப்பதுபோல் கேட்கிறது. லூக் ஆர்னல், டேவிட் போப்பல் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சொரசொரப்புக் கூடக் கூடக் கேட்பவர்களின் அச்சமும் கூடியது, அமிக்டலாவின் இயக்கமும் அதிகரித்தது. அபாயச் சங்குகளும் இதே எல்லைக்குள்தான் ஒலிக்கின்றன. விலங்குகளின் அபாயக் குரல்களை ஆராய்ந்துவந்த டேனியல் புளூம்ஸ்டைன், கையில் பிடிபட்ட மர்மோட் என்ற பெரிய தரை அணிலின் குட்டிகள் எழுப்பும் கீச்சுக்குரலால் ஈர்க்கப்பட்டுத் திரைப்படங்களின் பக்கம் திரும்பினார். 2010இல் அவரும் சகாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் ஒலித்தடங்களை ஆராய்ந்தபோது, கட்டுமீறிச் சிதறும் இத்தகைய ஒலிகள் திகில் படங்களில் கூடுதலாக இருந்தன. வயலின் கம்பியை வில்லால் அழுத்தித் தேய்த்தால் வருவதும் அதே இனம். கேட்பவரின் காதில் அது கருவியின் ஓசையாக விழுவதில்லை. யாரோ பிடிபட்டுவிட்டார்கள் என்ற செய்தியாக விழுகிறது.

‘ரைசர்’ என்று ஒலிப்பதிவாளர்கள் அழைக்கும், ஏறிக்கொண்டே போகும் ஒலிக்கும் இப்படியோர் உயிரியல் வேர் உண்டு. ஒரே அளவு மாற்றமாக இருந்தாலும், தேய்ந்து போகும் ஒலியைவிட வளர்ந்து வரும் ஒலி பெரிதாக மாறுவதாக மனிதர்கள் உணர்கிறார்கள் என்று ஜான் நியூஹாஃப் 1998இல் காட்டினார். வளரும் ஒலி என்றால் ஏதோ நெருங்கி வருகிறது. நெருங்கி வருவதை மிகைப்படுத்திக் கணக்கிடும் உயிருக்குத் தப்பியோட நேரம் கிடைக்கும். ரைசர் உச்சியைத் தொடும் தருணத்தில் டிரெய்லர் அதை அறுத்துவிடுகிறது. வந்துகொண்டிருந்தது வந்து சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் நாம் நடுவில் நிற்கிறோம்.

இனிப் படம். ஒலி திருகை ஏற்றுகிறது என்றால், எதைப் பார்த்து அஞ்ச வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்லாமல் அலைய விடுவது ஒளிப்பதிவின் வேலை. கதாபாத்திரத்தைச் சட்டகத்தின் ஓர் ஓரத்தில் நிறுத்தி, மீதி முழுவதையும் காலியாக விடுவார்கள். காலியிடம் நிரம்ப வேண்டும் என்று கண் எதிர்பார்க்கும். இருட்டு மூலையில் ஒரு துணி தொங்கினாலும் மூளை அதற்கு மூக்கும் விழியும் ஒட்டிப் பார்க்கும். முகங்களை இனம்காணத் தனிப்பகுதியே வைத்திருக்கும் மூளை இது. கேமரா மிக மெதுவாக முன்னே நகரும். நாம் போக விரும்பாத இடத்துக்கு நம்மைக் கையைப் பிடித்து இழுத்துப் போகும் நகர்வு அது.

பிறகு அந்த மின்னல் காட்சிகள். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் ஒரு சட்டகம் திரையில் இருப்பது சுமார் 42 மில்லிநொடி. மேரி பாட்டரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட சோதனையில், வரிசையாக ஓடும் படங்களில் ஒவ்வொன்றும் 13 மில்லிநொடி மட்டுமே தெரிந்தபோதும், குறிப்பிட்ட படம் வந்ததா என்பதைப் பார்த்தவர்களால் வெறும் ஊகத்தைவிட மேலாகச் சொல்ல முடிந்தது. ஆக இரண்டு மூன்று சட்டகங்கள் மட்டும் தோன்றி மறையும் வெளிறிய முகம், ‘முகம்’ என்று தெரிந்துகொள்ளப் போதும். அது ஒப்பனை, ரப்பர், கணினி வரைகலை என்று கண்டுபிடிக்கப் போதாது. உருவத்தை முழுதாகக் காட்டினால் மூளை அளந்து பார்த்து அமைதியாகிவிடும்.

காட்டாமல் விடுவதில் இரண்டு டிரெய்லர்களை என்னால் மறக்க முடியாது. 1960இல் வந்த ‘சைக்கோ’ டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. படத்தின் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தாமே வந்து, காலியாகக் கிடக்கும் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிக் காட்டுகிறார். இங்கேதான் நடந்தது என்று ஓர் இடத்தைக் காட்டத் தொடங்குவார், பாதியில் நிறுத்திவிடுவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்குகிறார். ஒரு பெண் அலறுகிறாள். அவள் படத்தில் அந்தக் காட்சியில் நடித்த ஜேனட் லீ அல்ல, பொய்முடி அணிந்த இன்னொரு நடிகை வேரா மைல்ஸ். 1980இல் வெளியான ‘தி ஷைனிங்’ படத்தின் டீசரில் ஒரே ஷாட், அசையாத கேமரா. மூடிய மின்தூக்கிக் கதவுகளின்மேல் பெயர்கள் மெல்ல ஏறிச் செல்கின்றன. எழுத்தைப் படிப்பதற்காகவே நம் கண் அந்தக் கதவின்மேல் பதிந்து கிடக்கிறது. பெயர்கள் போன பிறகு கதவின் இடுக்கிலிருந்து இரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. ஒரு வெட்டுக்கூட இல்லாமல் இதைச் செய்ததுதான் அதன் பெருமை.

பெரும்பாலான டிரெய்லர்கள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. கடைசி அரை நிமிடத்தில் ஷாட்டுகள் நொடிக்கு இரண்டு மூன்றாகச் சிதறும், அலறல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பிறகு திரை கறுக்கும். படத்தின் பெயர் எழும், வெளியாகும் தேதி வரும். பார்ப்பவர் சாய்ந்து உட்காருவார். ஆனால் ஏறிய இதயத் துடிப்பு அந்தக் கணமே இறங்கிவிடாது. திருகு இன்னும் ஏறியபடியே இருக்கிறது. அந்த இடத்துக்காகவே ஒரு சின்னக் காட்சியை எடுத்து வைத்திருப்பார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை, அல்லது மெல்லத் திரும்பும் ஒரு தலை. தொழிலில் அதற்குப் ‘பட்டன்’ என்று பெயர். அதற்கென்று தனியாக மௌனம் தேவைப்படுவதில்லை. ‘முடிந்துவிட்டது’ என்று சொல்லும் அந்தத் தலைப்பு அட்டையே இரண்டு நொடி மௌனமாகி, அடுத்த அடிக்கு இடம் விட்டு நிற்கிறது.