அறுதிப் பயன், அறுதிச் சந்தா

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன வாரம் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். அரசு ஊழியர்களின் பழைய ஓய்வூதியத் திட்டம் 'வரையறுக்கப்பட்ட பயன்' திட்டமாம். பிறகு வந்தது 'வரையறுக்கப்பட்ட பங்களிப்பு' திட்டமாம். "ஏன் சார், பழைய பென்ஷன்லயும் ஒரு அளவுக்கு மேல தரமாட்டாங்கன்னுதானே இதுக்கு அர்த்தம்? அப்புறம் எதுக்கு அதையே திரும்பக் கேக்கறாங்க?" என்றார். முப்பது வருஷம் தமிழ்ப் பாடம் நடத்தியவர். அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். எழுதியவர்தான் தவறாக எழுதியிருக்கிறார். நாளிதழ்களிலும் இதே தொடரைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

ஆங்கிலத்தில் இவை டிஃபைன்ட் பெனிஃபிட், டிஃபைன்ட் கான்ட்ரிபியூஷன். டிஃபைன் என்ற வினைக்குள் இருப்பது எல்லையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ஃபினிஸ். தமிழில் 'வரை' என்றாலும் எல்லைதான். அதோடு 'அறு' சேர்ந்தால் வரையறு. வேருக்கு வேர் பொருந்துகிறது, அந்த மட்டில் சரி.

ஆனால் ஓய்வூதியப் பேச்சில் 'டிஃபைன்ட்' என்ற அந்த ஆங்கில அடைமொழிக்கு இருப்பது வேறு வேலை. போடும் பணம், வாங்கும் பணம் இரண்டில் எது முன்கூட்டியே முடிவானது என்று அது சொல்கிறது. பழைய திட்டத்தில் கடைசிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும் என்பது முடிவான விஷயம். அதற்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பது அரசின் கவலை. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு (முப்படையினர் நீங்கலாக) வந்த தேசிய ஓய்வூதிய முறையில் இது தலைகீழ். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் ஊழியர் கட்ட வேண்டும் என்பது முடிவானது. அரசும் முதலில் அதே 10 சதவீதம் போட்டது, 2019 முதல் 14. கடைசியில் கைக்கு எவ்வளவு வரும் என்பதைச் சந்தைதான் சொல்லும். நட்டம் யார் தலையில் விடியும் என்ற கேள்வி முழுவதும் இந்த ஒரு அடைச்சொல்லில் தொங்குகிறது.

இந்த இடத்தில்தான் 'வரையறுக்கப்பட்ட' கெடுக்கிறது. தமிழ் வாசகர் இந்தச் சொல்லை இரண்டு இடங்களில் பார்த்திருப்பார். ஒன்று, வினாத்தாளில் வரும் 'விசை – வரையறு'. இன்னொன்று, 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு'. லிமிடெட் கம்பெனிக்கு நாம் போடும் அதே சொல்! அப்படியிருக்க 'வரையறுக்கப்பட்ட பயன்' என்றால் கட்டுப்படுத்திய பயன், குறைந்த பயன் என்றுதானே மனம் ஓடும்? ஊழியர்கள் தெருவில் இறங்கிக் கேட்கும் திட்டத்துக்கே அது கஞ்சத்தனமான திட்டம் போல ஒரு பெயர் வைத்தாயிற்று.

மாற்றாகச் சிலர் 'நிலையான பயன்' என்கிறார்கள். அகவிலைப்படி ஏற ஏற ஓய்வூதியமும் ஏறுகிறது. அதில் நிலையாக நிற்பது கணக்கிடும் விதி மட்டுமே, தொகை நிற்பதில்லை. 'உறுதியளிக்கப்பட்ட பயன்' இன்னும் பரவலாக இருக்கிறது. கேட்க இனிமைதான். ஆனால் உத்தரவாதத்துக்கு அந்தச் சொல் தனியாக வேண்டும். விதியை முன்பே எழுதி வைப்பது வேறு, அதற்கு ஒருவர் பிணை நிற்பது வேறு. 'நிர்ணயிக்கப்பட்ட பயன்' என்பதில் பொருள் பழுதில்லை. வடசொல் என்பதற்காக அதைத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. கையருகே இன்னும் குட்டையான சொல் கிடைக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தச் சொல் அறுதி. 'அறுதியிட்டுச் சொல்ல முடியாது' என்று எல்லோரும் எழுதுகிறோம். ஒவ்வொரு தேர்தல் முடிவன்றும் 'அறுதிப் பெரும்பான்மை' காதில் விழுகிறது. இனி மாறாதபடி தீர்ந்தது என்ற பொருள் அதில் தானாகவே இருக்கிறது, குறைத்தது என்ற நிழல் துளியும் இல்லை. அறுதிப் பயன் ஓய்வூதியம் என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது பங்களிப்பு. 'நாடகத்துறைக்கு அவரது பங்களிப்பு' என்று பாராட்டும்போது பொருந்துகிற சொல் அது. மனமுவந்து அளிப்பதுதான் அளிப்பு. மாதா மாதம் சம்பளத்தில் பிடிப்பதற்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? 'பங்கு' என்று சுருக்கினால் பங்குச்சந்தை குறுக்கே வந்து நிற்கும். 'பிடித்தம்' நல்ல பேச்சுச் சொல். ஆனால் அரசு போடும் தொகை பிடித்தம் ஆகாது. வருங்கால வைப்புநிதிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குச் சந்தாவும் சந்தாதாரரும் பழகிய சொற்கள். சந்தா தமிழ்ச் சொல்லா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், எனக்கு அறுதிச் சந்தா போதும்.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் வந்த திட்டத்துக்கு அதிகாரப்பூர்வப் பெயரே 'பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்'. பழையதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது பணம் கட்டுவதுதான் என்று அந்தப் பெயரைக் கேட்பவர் நினைப்பார். பணம் கட்டும் திட்டத்திலும் பயன் அறுதியாக இருக்கலாமே. 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தையே பாருங்கள். முதலாளி கட்டும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் அதற்குப் போகிறது. ஆனால் வாங்கும் தொகைக்குத் தனி விதி உண்டு: ஓய்வூதியக் கணக்குக்கான சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். கட்டுவதும் உண்டு, பயனும் அறுதி. மொழிபெயர்ப்பவர் அகராதியை மூடிவிட்டு இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள 'ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்' பற்றியும் ஆசிரியர் கேட்டார். எதை எதோடு ஒருங்கிணைத்தார்கள் என்பது பெயரிலிருந்து தெரியவில்லை. ஊழியர் 10 சதவீதம் கட்டுகிறார். 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உண்டு. "அப்போ சந்தாவும் அறுதி, பயனும் அறுதி," என்றார் அவரே.