குற்றவாளி பிடிபடாவிட்டாலும் இழப்பீடு உண்டு

இரவில் வேலை முடித்து வருகிறவரை யாரோ வெட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள். யாரென்று தெரியவில்லை. ஒரு கை சரியாக வேலை செய்யவில்லை, வருமானமும் நின்றுவிட்டது. குடும்பம் என்ன நினைக்கும்? "முதலில் ஆளைப் பிடிக்கட்டும், கேஸ் முடியட்டும், அப்புறம்தான் நஷ்டஈடெல்லாம்" என்று காத்திருக்கும். பலர் வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லை.

முன்பு நிலைமை வேறு. குற்றம் செய்தவருக்கு விதிக்கும் அபராதத்திலிருந்தோ அவர் கையிலிருந்தோதான் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கச் சொல்ல முடியும். அவரிடம் காசில்லை என்றாலும், ஆளே அகப்படவில்லை என்றாலும், அதோடு சரி. 2009 டிசம்பர் 31 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ என்ற பிரிவு வந்தது. பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவைப்பட்டால் அரசே தன் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 396-ஆவது பிரிவு.

யாரெல்லாம் கேட்கலாம்? பாதிக்கப்பட்டவர் கேட்கலாம், அவர் இறந்துவிட்டால் அவரை நம்பியிருந்தவர்கள் கேட்கலாம். தண்டனை கிடைத்து, நீதிமன்றம் கட்டச் சொன்ன தொகை போதாது என்று நீதிபதி கருதினால், அரசு இழப்பீட்டுக்கு அவரே பரிந்துரைக்கலாம். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானாலும் பரிந்துரைக்கலாம். இதுதான் பலருக்குத் தெரியாத இடம்: "இவர்தான் செய்தார் என்று நிரூபிக்க முடியவில்லை" என்பதற்கும் "உங்களுக்குக் காயமே படவில்லை" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. மூன்றாவதாக, குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்க முடியாமல் நீதிமன்ற விசாரணையே நடக்கவில்லை என்றால், யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டிய இடம் காவல் நிலையமும் அல்ல, கலெக்டர் ஆபீஸும் அல்ல. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும். இதற்காக வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல், சிகிச்சைக் காகிதங்கள், வங்கிக் கணக்கு விவரம், இறப்பு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். எஃப்.ஐ.ஆர். நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது அதே சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. ஸ்டேஷனில் இழுத்தடித்தால் பிரிவு எண்ணைச் சொல்லியே கேளுங்கள். விண்ணப்பம் வந்தபின் விசாரித்து, இரண்டு மாதத்துக்குள் தொகையை முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் நாள் தள்ளிப்போவதும் உண்டு, அதனால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக்கூடாது.

ஆஸ்பத்திரிச் செலவு இரண்டு மாதம் காத்திருக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று கொடுத்தால், இலவச முதலுதவிக்கும் மருத்துவ உதவிக்கும் ஆணைக்குழு உடனே உத்தரவிடலாம். வேறு இடைக்கால நிவாரணமும் தரலாம். ஆசிட் வீச்சு, பாலியல் வன்கொடுமை என்றால் அந்தச் சான்றுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். "முதலில் போலீஸ் வரட்டும்", "அட்வான்ஸ் கட்டுங்கள்" என்று மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கணக்கும் வைத்தது: குறைந்தது 3 லட்சம் ரூபாய், அதில் 1 லட்சம் 15 நாளுக்குள்.

தொகை எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெண்களுக்கு மட்டும் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2018-இல் ஒரு மாதிரித் திட்டம் தயாரித்தது. அதன்படி பாலியல் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கும் உயிரிழப்புக்கும் 5 முதல் 10 லட்சம். பாதிக்கப்பட்டவர் சிறுமி என்றால் 50 சதவீதம் கூடுதல். முழுத் தொகையும் ஒரேயடியாகக் கைக்கு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பகுதி வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடப்படும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் சிறப்பு நீதிமன்றம் வழக்கின் எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லலாம்.

சில குற்றங்களுக்கு வழியே வேறு. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் உயிர் போனால் 2 லட்சம், படுகாயம் என்றால் 50,000 ரூபாய் என்று 2022-இல் தனித் திட்டம் வந்துவிட்டது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நிவாரணம் தவணையாக வரும். குற்றத்தைப் பொறுத்து எஃப்.ஐ.ஆர். போட்டதுமே முதல் தவணை கிடைப்பதும் உண்டு.

பணத்தைத் தாண்டியும் சில உரிமைகள் இருக்கின்றன. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம். பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தால் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். தற்காலிகத் தங்குமிடம், ஆலோசனை, மருத்துவ உதவி, சட்ட உதவி எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை. எதிரி விடுதலையானால் நீங்களே மேல்முறையீடும் செய்யலாம்.

இழப்பீட்டு விண்ணப்பத்துக்குக் காலக்கெடுவும் இருக்கிறது. பெண்களுக்கான அந்த 2018 மாதிரித் திட்டத்தில் அது மூன்று வருடம். சரியான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் இடமுண்டு, ஆகவே "நாள் கடந்துவிட்டது" என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாமல், தாமதத்துக்கான காரணத்தையும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.