முறியாத மேசை ஏன் ஆடுகிறது?

கராஜில் சொந்தமாக ஒரு வேலை மேசை செய்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் தேடுவது தடித்த மரத்தை. கால் பருமனாக இருந்தால் மேசை உறுதியாக நிற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். கைக்காசு வீணாகத் தொடங்குவது அங்கேதான்.

5 செ.மீ.க்கு 10 செ.மீ. பருமனுள்ள, முடிச்சில்லாத பைன் கட்டை ஒன்றை 85 செ.மீ. நீளத்துக்கு அறுத்து மேசைக் காலாக நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். செங்குத்தாக நிற்கும் தூண் எவ்வளவு பாரத்தில் வளைந்து சாயும் என்பதைக் கணக்கிட 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லர் ஒரு சூத்திரம் கொடுத்தார். இந்தக் கட்டையின் அளவுகளை அதில் இட்டால் விடை பத்து டன்னைத் தாண்டுகிறது. அதுவும் ஒரே ஒரு காலுக்கு! கார் எஞ்சினையே தூக்கி வைத்தாலும் இந்தக் கால்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அதே மேசையில் இழைப்புளி ஓட்டினால் மேசை ஆடும், ரம்பம் போட்டால் ரம்பத்தோடு சேர்ந்து அசையும்.

எவ்வளவு விசையில் முறியும் என்பது வலிமையைப் பற்றிய கேள்வி. முறியாத நிலையிலேயே எவ்வளவு அசைந்துகொடுக்கும் என்பது விறைப்பைப் பற்றியது. வீட்டு மேசைகளுக்கு வலிமை தேவைக்கு மேலேயே கிடைத்துவிடுகிறது. பற்றாக்குறை விறைப்பில்தான், முக்கியமாகப் பக்கவாட்டு விறைப்பில். இழைப்பதும் அறுப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் மேசையைக் கீழ்நோக்கி அழுத்துவதைவிடப் பக்கவாட்டில் தள்ளுவதே அதிகம்.

நான்கு சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணியாக அடித்துச் செவ்வகமாக்கினால், அதை விரலால் தள்ளியே இணைகரமாகச் சாய்த்துவிடலாம். பக்கங்களின் நீளம் எதுவும் மாறாது, கோணம் மட்டும் மாறும். மேசையின் முன்பக்கத்தைப் பாருங்கள்: இரண்டு கால், மேலே ஒரு சட்டம், கீழே தரை. இதுவும் அதே செவ்வகம்தான். அது சாயாமல் பிடித்து வைத்திருப்பவை மூலையில் உள்ள சில திருகுகள் மட்டுமே. கால் ஒரு நெம்புகோலாக வேலை செய்கிறது. அதன் நீளம் 85 செ.மீ., மூலையில் இரண்டு திருகுகளுக்கு இடையே உள்ள தூரம் 6 செ.மீ. என்றால், கால் நுனியில் வரும் ஒரு கிலோ தள்ளல் திருகில் 14 கிலோவாகப் பெருகி நிற்கும். ஒவ்வொரு தள்ளலுக்கும் திருகு மர இழைகளைக் கொஞ்சம் நசுக்கும், ஓட்டை கொஞ்சம் பெரிதாகும். புது மேசை முதலில் நன்றாக நின்றுவிட்டுப் பிறகு ஆட ஆரம்பிப்பது இதனால்தான். இதற்குப் போய்க் காலைத் தடிப்பாக்கி என்ன பயன்?

முக்கோணத்தில் இந்தத் தொல்லை கிடையாது. மூன்று பக்க நீளங்களும் முடிவாகிவிட்டால் கோணங்களும் முடிவாகிவிடும். ஏதாவது ஒரு பக்கம் நீளவோ சுருங்கவோ செய்தால்தான் முக்கோணம் சாயும். மரத்தை அதன் நீளவாக்கில் நீட்டுவதும் சுருக்குவதும் மிகக் கடினம். மேசையின் பின்பக்கம் 45 பாகையில் ஒரு குறுக்குச்சட்டம் போட்டுவிட்டால், 20 கிலோ தள்ளல் அந்தச் சட்டத்தில் சுமார் 28 கிலோ அழுத்தமாகவோ இழுவையாகவோ இறங்கும், அவ்வளவுதான். நெம்புகோல் பெருக்கமே இல்லை. துண்டு மரம் போதும்.

இன்னும் நல்ல வழி, பின்பக்கம் முழுவதையும் ஒரு பிளைவுட் தகட்டால் மூடிப் பசையிட்டுத் திருகுவது. தகடு எந்தத் திசையிலும் முக்கோணம்போல வேலை செய்யும் என்பதால் 9 மி.மீ. கனமே தாராளம். இரண்டு பக்கவாட்டுகளுக்கும் இப்படியே செய்தால் இடம்-வலம், முன்-பின் இரண்டு ஆட்டமும் நின்றுவிடும். மேசையைச் சுவரோரம் போடுவதாக இருந்தால் இதைவிட மலிவான வழியும் உண்டு: சுவரோடு சேர்த்து முடுக்கிவிடுங்கள். சுவரைவிட விறைப்பான குறுக்குச்சட்டத்தை யாரும் செய்துவிட முடியாது.

அடுத்தது மேல்பலகை. இதில் ஆட்டம் இல்லை, தொய்வுதான் சிக்கல். நடுவில் பாரம் வைத்தால் பலகை எவ்வளவு தொய்யும் என்பது தாங்கல்களுக்கு இடையே உள்ள நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. 150 செ.மீ. இடைவெளியின் நடுவில் ஒரு குறுக்குச்சட்டம் கொடுத்து இரண்டு 75 ஆக்கினால், ஒவ்வொரு பாதியின் தொய்வும் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கனத்திலும் இதே மும்மடிதான்: பலகையின் கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு, அகலம் இரட்டித்தால் வெறும் இரண்டு மடங்கு. மேசைக்கு அடியில் சட்டத்தைப் படுக்கப் போடாமல் நெட்டுக்குத்தாக நிறுத்துவதற்கும் இதுதான் காரணம். 1638இல் கலிலியோ இதே போன்ற கேள்வியை எடுத்து, உத்திரம் முறியும் வலிமை உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று சொன்னார். உள்ளே விசை பரவும் விதத்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அந்த விகிதம் சரியாகவே வந்துவிட்டது.

இந்த மும்மடிக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகச் சும்மா வைத்தால் விறைப்பு இரண்டு மடங்குதான். பசை தடவி ஒட்டினால் எட்டு மடங்கு. மரம் அதே அளவுதான், வித்தியாசத்தைக் கொண்டுவருவது பசை. தடித்த புத்தகம் ஒன்றை வளைத்துப் பாருங்கள்: பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு எளிதாக வளைந்துகொடுக்கும், ஓரங்கள் படிக்கட்டுபோலச் சரியும். அந்த வழுக்கலைப் பசை தடுக்கிறது. தடுத்ததும் மேல்தகடு முழுக்க அமுக்கத்திலும் கீழ்த்தகடு முழுக்க இழுவையிலும் மாட்டிக்கொள்கிறது. நான்கைந்து திருகு போட்டால் பசை வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்த லாபத்தில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறார்கள். பசை காயும்வரை இரண்டையும் அழுத்திப் பிடிக்கத் திருகு உதவட்டும். ஒட்டுவது பசையின் வேலை.

இதே தத்துவத்தை எல்லைவரை கொண்டுபோனால் பெட்டிப் பலகை கிடைக்கும். 9 மி.மீ. தகடு இரண்டை 5 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் வைத்து ஒட்டினால், 18 மி.மீ. ஒற்றைப் பலகையைவிடக் கணக்கின்படி முப்பது மடங்குக்கு மேல் விறைப்பு வரும். முறுக்கலையும் நன்றாகத் தாங்கும். பலர் இதைச் சொல்லி மாய்வார்கள். எனக்கு முழு உடன்பாடில்லை. சுத்தியால் அடிக்கும் மேசைக்கு அடி விழும் இடத்தில் கனம் வேண்டும், வெற்றிடத்தின் மேல் நிற்கும் மெல்லிய தகடு அதிர்ந்து எம்பும். வைஸ் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) மாட்டுவதும் சங்கடம். பொருத்தவும் ஒட்டவும் தட்டையான இடம் வேண்டுபவருக்குத்தான் பெட்டிப் பலகை. மற்றவர்களுக்கு ஒட்டிய இரட்டைப் பலகையே போதும்.

மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவு, வழவழப்பு, கனம். 8 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. பலகை ஒன்று ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். ஆனால் நெடுநாள் பாரம் சுமந்தால் மெல்ல மெல்லத் தொய்ந்து அப்படியே நின்றுவிடும். ஈரம் பட்டாலோ ஊதிவிடும். அதை மேலே கழற்றி மாற்றக்கூடிய தோலாகப் போட்டு, அடியில் பிளைவுட்டை வைத்துக்கொள்வது நல்லது.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இழைப்பவருக்குக் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் மட்டம், நுண்வேலை செய்பவருக்கு அதைவிட மேலே.

தரைக்கு வருவோம். தண்ணீர் வடிவதற்காகக் கராஜ் தரையைச் சற்றுச் சரிவாகவே போடுவார்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் பொருந்தி உட்காரும், ஏனென்றால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நாலாவது காலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மேலே சொன்னபடி மேசையை விறைப்பாக்கிவிட்டால் அது தரைக்கு ஏற்ப வளைந்தும் கொடுக்காது, ஆகவே திருகி உயர்த்தும் பாதங்கள் அவசியம். அவை காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிவைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கான்கிரீட் நுண்துளைகள் வழியே ஈரத்தை மேலே கடத்தும். மரமோ அறுத்த முனை வழியாகத்தான் ஈரத்தை அதிகம் உறிஞ்சும். முனையைத் தரையில் ஊன்றினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

கடைசியாக வெளிச்சம். கராஜின் நடுவில் ஒரே விளக்கு, நீங்களோ சுவர்ப்பக்கம் பார்த்து நிற்கிறீர்கள். உங்கள் தலையின் நிழல் நேராக நீங்கள் அறுக்கும் கோட்டில் விழும். மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே நீளமான குழல் விளக்கு ஒன்றைப் போட்டால் நிழல் மென்மையாகிவிடும்; கை மறைக்கும் வெளிச்சத்தை விளக்கின் மறுமுனை ஈடுகட்டும். சொரசொரப்பைக் கண்டுபிடிக்க மட்டும் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக அடிக்கும் தனி விளக்கு வேண்டும்.

சுழலும் கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய வகை சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்றும் கடைசல் இயந்திரம் நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது, அதாவது ஒவ்வொரு மினுக்கலுக்கும் சரியாகக் கால் சுற்று. அதில் நான்கு தாடை கொண்ட சக் (சுழலும் பொருளைக் கவ்விப் பிடிக்கும் தலை) பூட்டியிருந்தால், ஒவ்வொரு மினுக்கலிலும் ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்து நிற்கும். கண்ணுக்கு அது நின்றுவிட்டதுபோலவோ மெதுவாகத் திரும்புவதுபோலவோ தெரியக்கூடும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் இப்படி மினுக்கும். சோதிப்பது எளிது: விளக்கின் கீழே ஒரு பென்சிலை விரைவாக ஆட்டுங்கள். தொடர்ச்சியான மங்கல் பட்டையாகத் தெரிந்தால் சரி. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்த விளக்கை மாற்றிவிட்டு அப்புறம் இயந்திரத்தைப் போடுங்கள்.