பழைய டப்பா டிவியே நல்லா தெரிஞ்சதுன்னு தாத்தா சொன்னா நம்புங்க

போன மாசம் திருச்சி உறையூர்ல ஒரு வீட்டுக்கு போயிருந்தேன். 55 இன்ச் 4கே டிவி, வாங்கி ரெண்டு மாசம் கூட ஆகல, ஓரத்துல ஒட்டி வர்ற ஸ்டிக்கரக் கூட இன்னும் பிரிக்கல. கம்ப்ளைன்ட் என்னன்னா படம் தெளிவா இல்ல, மூஞ்சியெல்லாம் மெழுகு மாதிரி இருக்கு. ஏற்கனவே ரெண்டு தடவ ஆள் வந்து பார்த்துட்டு பேனல்ல கோளாறு இல்லன்னு சொல்லிட்டுப் போயாச்சு, வீட்டுப் பையன் டிவிய மாத்திக் கொடுன்னு கடையில போய் சண்ட போடுற முடிவுல இருந்தான். ஈஸி சேர்ல உட்கார்ந்திருந்த தாத்தா மட்டும் "நான் அன்னைக்கே சொன்னேன் தம்பி, அந்தப் பழைய டப்பா டிவியே நல்லா தெரிஞ்சது, என் பேச்ச யாரு கேக்குறா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல, ஏன்னா அவர் சொன்னது நிஜம்.

டிவிக்குப் பின்னாடி கைய விட்டுத் தடவிப் பார்த்தா மஞ்ச, செவப்பு, வெள்ளன்னு அதே மூணு பின்னு. பழைய டிவில இருந்த செட்டாப் பாக்ஸையும் வயரையும் அப்படியே கழட்டி இதுல மாட்டி விட்டுட்டாங்க. பாக்ஸுக்குப் பின்னாடி டிஜிட்டலா படம் போற எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கு, அதுல தூசி அடைஞ்சு கெடக்கு. ஒரு நாள் கூட அதுல எதையும் சொருகினதில்ல.

22 வருஷமா இதே தொழில்ல இருக்கேன், பிக்சர் டியூப் காலத்துல ஆரம்பிச்சவன். படம் சரியில்லன்னு வர்ற போன்ல பாதிக்கு மேல டிவில ஒண்ணுமே இருக்காது. போய்ப் பார்த்து ஒரு வயர மாத்திட்டு, ரிமோட்ல நாலு பட்டன் அமுக்கிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிட்டு வர எனக்கே கூச்சமா இருக்கு, அதான் இங்க எழுதுறேன். படிச்சுட்டு நீங்களே பண்ணிக்கிட்டா எனக்கு வருமானம் போகும், போகட்டும்.

முதல்ல அந்தத் தாத்தா கணக்க முடிச்சுடலாம். நம்ம ஊர்ல சாதாரண சேனல், அதாவது எஸ்டி, படுக்கையா 720 புள்ளி, செங்குத்தா 576 புள்ளி. பெருக்கினா 4 லட்சத்து 14 ஆயிரத்து 720. ஃபுல் எச்டி டிவில 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி, கரெக்டா 5 மடங்கு. 4கே அதுக்கும் 4 மடங்கு. ஆக எஸ்டி சேனல 4கே டிவில பார்த்தா ஸ்கிரீன்ல இருக்கிற 20 புள்ளிக்கு 1 புள்ளி கணக்குலதான் நிஜமான படம் வருது, மிச்ச 19ம் டிவி தானா யூகிச்சு ரொப்புனது. அந்த யூகம்தான் மெழுகு மூஞ்சி. பழைய டியூப் டிவியோட அளவே 21 இன்ச், அது செஞ்சதே அந்த 576 கோட்டுக்குத்தான், எதையும் இழுத்துப் பெருசாக்க வேண்டிய வேலையே இல்ல, போதாததுக்கு டியூப்ல புள்ளிங்க லேசா ஒண்ணோட ஒண்ணு கலந்து தெரியுறதால கரடுமுரடும் மறைஞ்சுடும். தாத்தா கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு.

மஞ்ச பின்னுல இன்னொரு தொல்ல இருக்கு. வெளிச்சம், கலர் ரெண்டையும் ஒரே கம்பில கலந்து அனுப்புது, டிவி அத திரும்பப் பிரிக்கணும், பிரிக்கும்போது ஒண்ணு இன்னொண்ணுல ஒழுகிடும். செய்தி வாசிக்கிறவர் பொடிக்கோடு போட்ட சட்டை போட்டிருந்தா அதுல வானவில்லு மாதிரி ஓடும் பாருங்க, அது இதனாலதான். அந்தப் பின்னுல எவ்வளவு ஒசந்த பாக்ஸ மாட்டினாலும் எச்டி வராது, அதோட வரம்பே அந்த 576தான்.

சரி, எச்டிஎம்ஐ கேபிள் சொருகியாச்சு, வேல முடிஞ்சுதுன்னு நெனைக்கிறீங்களா, இங்கதான் முக்கால்வாசி பேர் கோட்ட விடுறாங்க. செட்டாப் பாக்ஸ் மெனுல வீடியோ ரெசல்யூஷன்னு ஒண்ணு இருக்கும், பல பாக்ஸ்ல அது 576லயே நிக்கும். அத 1080ஐ (மெனுல 1080i) அளவுக்கு மாத்தணும், அங்கயே படத்தோட வடிவத்த 16:9ன்னு வெக்கணும், இல்லன்னா கதாநாயகி ரெண்டு பக்கமும் இழுத்து வெச்ச மாதிரி குண்டாத் தெரிவாங்க. அடுத்தது சேனல். எச்டி சேனலுக்கு தனி நம்பர், தனிக் காசு. பேக்குல எச்டிக்கு காசு கட்டிட்டு பழைய நம்பரையே அமுக்கி எஸ்டி பார்க்கிற வீடு எவ்வளவோ இருக்கு, பழக்கதோஷம். பாக்ஸே எஸ்டி பாக்ஸா இருந்தா மெனுல என்ன நோண்டினாலும் ஆகாது, ஆபரேட்டர்கிட்ட சொல்லி எச்டி பாக்ஸா மாத்தணும்.

கேபிள் விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். தங்க முலாம் பூசினது, 3000 ரூபா, கலர் தூக்கிக் கொடுக்கும்னு யாராச்சும் சொன்னா கும்பிட்டுட்டு வெளிய வந்துடுங்க. இதுல போறது டிஜிட்டல் சிக்னல், ஒழுங்கா வந்து சேர்ந்தா 250 ரூபா கேபிள்லயும் அதே படம்தான், சேரலன்னா மின்மினி பறக்கும் இல்ல படமே கட்டாகும், நடுவுல கொஞ்சம் ஒசத்தி கொஞ்சம் மட்டம்னு ஒண்ணு கெடையாது. டிஷ்ஷுக்கும் இதே கததான், சிக்னல் 70லேர்ந்து 90க்கு ஏறினா படம் கூர்மையாயிடாது, மழை நேரத்துல கட்டம் கட்டமா ஒடையாம தாக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். கேம் கன்சோல் வெச்சிருக்கிறவங்க மட்டும் கேபிள கவனிச்சு வாங்கணும், 4கேல நொடிக்கு 120 ஃப்ரேம் ஓடணும்னா அல்ட்ரா ஹை ஸ்பீடுன்னு போட்ட 48 ஜிகாபிட் கேபிளாவே இருக்கணும்.

இப்ப டிவிக்குள்ள வருவோம். கடையில டியூப்லைட் வெளிச்சத்துக்கு நடுவுல 30 டிவிய வரிசையா மாட்டியிருப்பான், அதுல எது பளிச்சுன்னு கண்ண இழுக்குதோ அதத்தான் ஜனம் வாங்கும், அதுக்குன்னே விவிட், டைனமிக்னு ஒரு மோடு. அது கடைக்கானது, வீட்டுக்கானது இல்ல. அதுல வெள்ள சட்டை நீலமடிக்கும், நம்மாளு மாநிறம் எல்லாம் ஆரஞ்சாயிடும், புல்லு பிளாஸ்டிக் ஆயிடும். சினிமான்னோ மூவின்னோ ஃபிலிம்மேக்கர்னோ ஒரு மோடு இருக்கும், அதுக்குப் போங்க. போட்ட உடனே மஞ்சளாத் தெரியும், "என்னண்ணே படம் மங்கிப் போச்சு"ன்னு எல்லா வீட்லயும் கேப்பாங்க, நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, ரெண்டு நாள் பாருங்க, அப்புறம் பழைய மோடுக்குப் போய்ட்டு வாங்க. அதுக்கப்புறம் யாரும் போன் பண்ணி மாத்தச் சொன்னதில்ல. அந்த மஞ்ச உண்மையில மஞ்ச இல்ல, படம் எடுக்கிறவங்க கலர் சரிபார்க்கிற மானிட்டர்ல வெள்ளைக்கு 6500 கெல்வின்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, கலர் டெம்பரேச்சர்ங்கிறத வார்ம்ல போட்டா (சினிமா மோடு அதத்தான் போடுது) டிவி அதுக்குக் கிட்ட வருது. இவ்வளவு நாளா பார்த்த வெள்ளதான் நீலம்.

நான் செட் பண்றதுக்கு மீட்டர் எல்லாம் எடுத்துட்டுப் போறதில்ல. எச்டி சேனல்ல நல்ல வெளிச்சத்துல எடுத்த ஒரு பாட்டு வர்ற வரைக்கும் காத்திருப்பேன், வேட்டி கட்டின ஆளும் தல பின்னின பொண்ணும் இருந்தா ரொம்ப நல்லது. காண்ட்ராஸ்ட ஏத்திக்கிட்டே போவேன், வேட்டியோட மடிப்பு காணாமப் போய் வெறும் வெள்ளத் துணியா ஆகுற எடத்துல நிறுத்தி, மடிப்பு திரும்பத் தெரியுற வரைக்கும் கொறைப்பேன். அப்புறம் பிரைட்னஸ். கொறைச்சா பின்னல்ல இழை இழையாத் தெரியுறது போய் தார் பூசின மாதிரி ஆகும், ஏத்தினா முடி சாம்பலாயிடும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் சிக்கும், அதோட விட்டுடணும். கலர அந்தப் பொண்ணு கழுத்த பார்த்து வெப்பேன், புடவைய பார்த்து வெச்சா ஏமாந்துடுவோம், புடவை என்ன கலர்னு நமக்குத் தெரியாது, மனுஷத் தோல் என்ன கலர்னு தெரியும். ஒரு விஷயம், சோனில பிரைட்னஸ்னு போட்டிருந்தா அது பேக்லைட்டு, அதாவது பேனலுக்குப் பின்னாடி எரியுற வெளிச்சம், மத்த கம்பெனில பிரைட்னஸ்ங்கிறத அவங்க பிளாக் லெவல்னு வெச்சிருப்பாங்க, குழம்பிடாதீங்க.

ஷார்ப்னஸ 100ல வெச்சிருந்தா கூர்மையா இருக்கும்னு நெனப்பு. இல்லாத விவரத்த எந்தப் பட்டனும் கொண்டு வராது, ஓரத்துல எல்லாம் வெள்ளக் கோடு இழுத்து ஏமாத்தும், ஸ்கோர் போடுற எழுத்தச் சுத்திப் பாருங்க, நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். சாம்சங்ல 0க்குப் பக்கத்துல கொண்டு வாங்க, சோனில 50தான் நடுநிலை, அதுக்குக் கீழ போனா மங்கும்.

அப்புறம் இந்த மோஷன். எல்ஜில ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோ, ஆளுக்கொரு பேரு. சினிமா ஓடுறது நொடிக்கு 24 ஃப்ரேம், டிவி நடுநடுவுல தானா ஃப்ரேம் செஞ்சு சொருகுது, அதனால கோடி கோடியா கொட்டி எடுத்த படம் கூட பக்கத்துத் தெரு கல்யாண வீடியோ மாதிரி வழவழன்னு ஓடும். 2018 டிசம்பர்ல டாம் குரூஸே தன் டைரக்டரோட நின்னு வீடியோ போட்டு தயவுசெஞ்சு இத ஆஃப் பண்ணுங்கன்னு கேட்டாரு, அப்படின்னா பார்த்துக்கோங்க. சினிமாவுக்கு ஆஃப், கிரிக்கெட்டுக்கு வேணும்னா கொஞ்சமா வெச்சுக்கோங்க, பந்து பின்னாடி வால் கொறையும்.

ஓவர்ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு, டியூப் காலத்துப் பழக்கம், படத்தோட நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிட்டு மிச்சத்த பெருசாக்கிக் காட்டும். கீழ ஓடுற செய்திப் பட்டை பாதி அறுந்து தெரிஞ்சா இதுதான் காரணம். எல்ஜில ஜஸ்ட் ஸ்கேன், சோனில ஃபுல் பிக்சல்னு இருக்கும், போட்டுடுங்க, அப்பதான் வர்ற ஒவ்வொரு புள்ளியும் அதோட எடத்துல உட்காரும்.

பேக்லைட்ட 100ல வெச்சு ஓட்டுறவங்களுக்கு தனியா ஒரு வார்த்த. பேனலுக்குப் பின்னாடி எல்ஈடி பட்டி பட்டியா இருக்கு, சூட்டுல அதோட மேல இருக்கிற மஞ்சப் பூச்சு கெட்டுப் போனா படம் மொத்தமா நீலமா ஊதாவா ஆகும், எல்ஈடி மேல இருக்கிற குட்டி லென்ஸ் பசை விட்டு விழுந்தா அங்கங்க நிலா மாதிரி வெள்ள வட்டம் தெரியும். வீட்டு ஹாலுக்கு ராத்திரில 50, 60 போதும். இன்னொண்ணு, கண்ணாடி தொடைக்கிற ஸ்ப்ரேய நேரா ஸ்கிரீன்ல அடிக்காதீங்கம்மா, அது வழிஞ்சு கீழ் ஓரத்துக்குள்ள எறங்கி பேனலோட ஒட்டியிருக்கிற சினிமா ஃபிலிம் மாதிரியான இணைப்புல பட்டுச்சுன்னா கோடு கோடா விழும், அதுக்கு பேனல் வெலதான். ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கு இந்த மாதிரி கேஸ் வராத வருஷமே இல்ல. மைக்ரோஃபைபர் துணி, அதுல ரெண்டு சொட்டு தண்ணி, அவ்வளவுதான்.

மாட்டுற எடம். நம்ம வீடுகள்ல டிவிய லாஃப்டுக்குக் கீழ சாமி படம் மாதிரி ஒசரத்துல மாட்டுறாங்க. விஏங்கிற வகை பேனல்னா தரையில உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும்போது கலர் வெளுத்துடும், கடையில கண்ணுக்கு நேரா பார்த்தப்ப இருந்த கருப்பு இங்க சாம்பலாத் தெரியும். உட்கார்ந்தா கண்ணு மட்டத்துக்கு வர்ற மாதிரி மாட்டுங்க. தூரம், இன்ச்ச 1.6ஆல பெருக்கினா வர்ற இன்ச், 43க்கு ஆறடிக்குள்ள, 55க்கு ஏழடி சொச்சம். 12 அடி தள்ளி உட்கார்ந்து 43 இன்ச் 4கே வாங்கினா அதுக்கும் ஃபுல் எச்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க கழுகுக் கண்ணு வேணும்.

ஓடிடி பார்க்கிறவங்க நெட்ஃபிளிக்ஸ் பிளான கொஞ்சம் பாருங்க, பேசிக் பிளான்ல 720தான், 4கே டிவிங்கிறதால 4கே வந்துடாது. 4கேக்கு அவங்க கேக்குறது 15 எம்பிபிஎஸ், ஃபுல் எச்டிக்கு 5. ரௌட்டர் ரெண்டு செவுரு தள்ளி இருந்தா அந்த 15ம் சிரமம், லேன் வயர் இழுத்துடுங்க.

உறையூர் வீட்டுக்கு வருவோம். அங்க இருந்தது எஸ்டி பாக்ஸ், அத மாத்தி எச்டி பாக்ஸ் வந்தது, 1080i போட்டாச்சு, சினிமா மோடு போட்டாச்சு, தாத்தா பார்த்துட்டு "இப்பதான்யா டிவி"ன்னாரு. ஆனா பாட்டி சாயங்காலம் சீரியலுக்கு கை பழக்கத்துல பழைய நம்பரத்தான் அமுக்குறாங்கன்னு பையன் போன் பண்ணினான். போய் எச்டி நம்பர ஒரு துண்டு பேப்பர்ல எழுதி ரிமோட் முதுகுல செல்லோடேப் போட்டு ஒட்டிட்டு வந்தேன். பத்து நாள் கழிச்சு அந்தப் பக்கமா போனப்ப எட்டிப் பார்த்து எப்படிம்மா தெரியுதுன்னு கேட்டேன். "நல்லாத்தான் தெரியுது, ஆனா அந்த மருமக பொண்ணுக்கு மூஞ்சி ஒரு கலரு கழுத்து ஒரு கலரா இருக்கேப்பா, அதுவும் உன் டிவி கோளாறுதானா?"

அது மேக்கப்புமான்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன்.